37 வயசு வைட்டை அடிச்சதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? (மோசஸ் இட்டௌமா, இங்கிலாந்து ஹெவிவெயிட் பாக்ஸர்)

மூணாவது_ரவுண்டு:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார், "இட்டௌமா இதுவரை ஒரு சப்பை ஆளோடகூட மோதல, இப்பவே உலக சாம்பியன் உசிக்கோட விட்டாலும் ஜெயிப்பான்"னு. படிச்சதுல இருந்து வயிறு எரியுது, அதான் தனியா எழுதறேன். போன சனிக்கிழமை, 2025 ஆகஸ்ட் 16, ரியாத்ல என்ன நடந்துச்சு? 20 வயசுப் பையன் 37 வயசு டில்லியன் வைட்டை முதல் ரவுண்டுல சாய்ச்சான். 37 வயசு! 2015ல ஜோஷுவா 7வது ரவுண்டுல சாய்ச்ச வைட், 2020ல பவெட்கின் ஒத்தை அப்பர்கட்ல (கீழ இருந்து மேல தாடைக்கு விடற குத்து) மல்லாக்கப் போட்ட வைட், 2022ல வெம்பிளில ஃப்யூரி 6வது ரவுண்டுல முடிச்ச வைட். அவரைப் போய் பெரிய கைனு சொன்னா என்ன அர்த்தம்? அதுக்கு முன்னாடி மே மாசம் கிளாஸ்கோல மைக் பலோகன், அவருக்கு 41. போன வருஷம் ஜூலைல மரியுஸ் வாக், அவருக்கு 44. 13 ஃபைட்டு, 11 நாக்அவுட், 6 ரவுண்டைத் தாண்டி ஒரு தடவைகூடப் போனதில்ல. இதை வச்சுக்கிட்டு உசிக்காம்.

சவுத்பா_சங்கர்:
அதை எழுதுனது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம், ஒளிஞ்சு பேச வேண்டாம். 37 வயசு 37 வயசுன்னு கத்தறீங்களே, உசிக்குக்கு இப்ப என்ன வயசு தெரியுமா? 38. போன மாசம்தான் வெம்பிளில டுபுவாவை 5வது ரவுண்டுல அடிச்சு நாலு பெல்ட்டையும் தூக்கிட்டுப் போனாரு. வைட் அவரை விடச் சின்னவர். அப்ப 38 வயசுக்காரர் உலக சாம்பியன், 37 வயசுக்காரர் கிழவனா? இட்டௌமா வைட்டைச் சாய்க்க ஆனது 119 வினாடி சார். 119. வைட்டை ஜோஷுவாவே முடிக்க 7 ரவுண்டு ஆச்சு.

மூணாவது_ரவுண்டு:
உசிக்கையும் வைட்டையும் ஒரே தட்டுல வைக்கிறதா? உசிக் தொழில்முறைல ஒரு ஃபைட்டுகூடத் தோக்காதவர், வாங்குன அடி கம்மி. வைட் பத்து வருஷமா மூஞ்சியை நீட்டி நீட்டி அடி வாங்குனவர். காரு ரெண்டும் ஒரே வருஷ மாடல்னா, ஒண்ணு வீட்டு ஷெட்டுல நின்னது, இன்னொண்ணு வாடகைக்கு ஓடுனது, ரெண்டும் ஒண்ணா? 37 வயசு.

பெல்_அடிச்சாச்சு:
ரெண்டு பேரும் முதல்ல சப்பை ஆளுன்னா என்னன்னு சொல்லுங்க. வயசா, தோல்விக் கணக்கா, ரேங்கிங்கா? அதை முடிவு பண்ணிட்டுப் பேசுனா நாங்களும் புரிஞ்சுப்போம்.

சவுத்பா_சங்கர்:
அளவுகோல் எல்லாம் வேணாம், ஃபைட்டைப் பாத்தாலே தெரியும். டெம்சி மெக்கீன் வந்தப்போ 22-1, அதாவது 22 வெற்றி, 1 தோல்வி. அந்த ஒரே தோல்வி 2023ல ஹெர்கோவிச்கிட்ட, அதுவும் 12வது ரவுண்டு வரைக்கும் இழுத்தாரு. இட்டௌமா போன டிசம்பர்ல அதே மெக்கீனை 117 வினாடில முடிச்சான். வாக்கை ஃப்ரேசர் கிளார்க் 2023ல 10 ரவுண்டு அடிச்சும் நிறுத்த முடியல, இவன் ரெண்டே ரவுண்டுல நிறுத்துனான். ஒரே ஆளை மத்தவங்க என்ன பண்ணாங்க, இவன் என்ன பண்ணான், அதைப் பாருங்க. 37 வயசாம்.

ராயபுரம்_கார்னர்:
சங்கர் தம்பி சொல்றதுல விஷயம் இருக்கு. நான் சின்ன வயசுல நாலு வருஷம் ரிங்குல நின்னவன், அதனால சொல்றேன். வளர்ற பையனுக்கு ஆள் பாத்துக் கொடுக்கறதே ஒரு தொழில். இங்கிலாந்துல தோக்கறதுக்குன்னே வாராவாரம் கிளம்பி வர்ற ஜர்னிமேன் இருக்காங்க, அவங்க வேலையே பையனுக்கு ரவுண்டு கொடுக்கறது. கிளிஞ்ச் (எதிராளியைக் கட்டிப் பிடிக்கறது) எப்படிப் போடணும், மூச்சை எப்படி மிச்சம் பிடிக்கணும், அடி விழுந்தா எப்படித் தாங்கணும்னு அங்கதான் கத்துக்குவான். இட்டௌமாவோட சிக்கல் ஆளுங்க சப்பைங்கறது இல்ல, ஆளுங்க சீக்கிரம் விழுந்துடறாங்க. அதனால பையனுக்கு ரவுண்டே கெடைக்கல. ஏழாவது ரவுண்டுல அவன் கால் எப்படி இருக்கும்னு அவனுக்கே தெரியாது.

மூணாவது_ரவுண்டு:
அண்ணே நீங்க சொல்றதுதான் நான் சொல்றதும். ஏன் சீக்கிரம் விழறாங்க? 44, 41, 37, அதான்! இதை நான் இன்னைக்கு நேத்து பாக்கல. லிவர்பூல் டேவிட் பிரைஸை எல்லாரும் மறந்துட்டீங்க. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல வெண்கலம், ஆறடி எட்டு அங்குலம், 2012ல ஆட்லி ஹாரிசனை முதல் ரவுண்டுலயே முடிச்சான். அப்பவும் இதே மாதிரிதான், "அடுத்த உலக சாம்பியன், கிளிட்ச்கோவுக்கு ஆள் கெடைச்சாச்சு"ன்னு (அப்ப சாம்பியன் அவர்தான்) ஊரே குதிச்சுது. 2013 பிப்ரவரில அவன் சொந்த ஊர்லயே டோனி தாம்சன் வந்து ரெண்டாவது ரவுண்டுல சாய்ச்சுட்டுப் போனாரு. ஜூலைல மறுபடி மோதுனாங்க, மறுபடி 5வது ரவுண்டுல அடி. அதுக்கப்புறம் பிரைஸ் எழுந்திரிக்கவே இல்ல. சப்பை ஆளுங்களை அடிச்சு அடிச்சு வளர்ந்தவன், திருப்பி அடிக்கற ஆளைப் பாத்ததும் என்ன பண்றதுன்னு தெரியாம நின்னான். அந்த ராத்திரி நான் தூங்கல, பிரைஸ் மேல அவ்ளோ நம்பிக்கை வச்சிருந்தேன். இட்டௌமாவுக்கும் அது நடக்கக் கூடாதுன்னுதான் கத்தறேன், பொறாமையில இல்ல.

சவுத்பா_சங்கர்:
டோனி தாம்சனுக்கு அப்ப என்ன வயசு?

மூணாவது_ரவுண்டு:
41. அதுக்கு என்ன இப்ப?

சவுத்பா_சங்கர்:
41 வயசுக்காரர் ஒலிம்பிக் மெடல் வாங்குன பையனை ஒரே வருஷத்துல ரெண்டு தடவை சாய்க்கலாம், ஆனா 37 வயசு வைட் மட்டும் கணக்குல வரமாட்டாரு. உங்க வாயாலயே சொல்லிட்டீங்க, ரொம்ப நன்றி. ஃபோர்மன் 1994ல மூரரை நாக்அவுட் பண்ணி சாம்பியன் ஆனப்போ 45. ஹெவிவெயிட்ல வயசு ஒரு கணக்கே இல்ல.

மூணாவது_ரவுண்டு:
ஃபோர்மன் ஒரு ஃபோர்மன்தான். நான் சொன்னது தாம்சன் சண்டை போட வந்தார், வைட் காசு வாங்க வந்தார். 37 வயசு.

கென்ட்_வாசி:
நான் இருக்கறது இங்கிலாந்து கென்ட்ல, மெட்வேல, பக்கத்து சாட்டம்லதான் இட்டௌமா வளர்ந்தான். ஸ்லோவாக்கியால பொறந்து சின்னப் பையனா இங்க வந்தவன், 2022ல யூத் வேர்ல்டு சாம்பியன். இந்த ஏரியாப் பசங்க பாக்ஸிங் ஜிம்முக்குப் போறதுக்கே இப்ப அவன் ஒரு காரணம். வைட் காசு வாங்க வந்தாருன்னு எப்படிச் சொல்றீங்க? விழுந்த அப்புறம் எழுந்து நின்னாரு, கால் ஆடுனதால ரெஃப்ரி நிறுத்துனாரு. காசுக்கு வந்தவர்னா படுத்தே இருப்பாரு.

ராயபுரம்_கார்னர்:
ஒண்ணு சேத்துக்கோங்க, கிளே (பின்னாடி முகமது அலி ஆனவர்) 1962ல ஆர்ச்சி மூரை அடிச்சாரே 4வது ரவுண்டுல, மூருக்கு அப்ப 45. அலியையே அன்னைக்கு "கிழவனை அடிச்ச பையன்"னுதான் திட்டுனாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள உலக சாம்பியன் லிஸ்டனை உக்கார வச்சுட்டாரு.

மூணாவது_ரவுண்டு:
45 இல்லண்ணே, 48. மூர் 1913ல பொறந்தவர்.

ராயபுரம்_கார்னர்:
அவர் வாயாலயே 1916ன்னு சொன்னாரு.

மூணாவது_ரவுண்டு:
அவங்க அம்மா 1913ன்னு சொன்னாங்க. பெத்தவளுக்குத் தெரியாதா புள்ளை எப்பப் பொறந்ததுன்னு? 48.

ராயபுரம்_கார்னர்:
தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எங்க கோச் சொல்லிக் கேட்ட கதை இது. எனக்குக் கணக்கு சொல்லித் தராத. க்ளவுஸ் கையில மாட்டியிருக்கியா ஒரு நாளாவது?

மூணாவது_ரவுண்டு:
மாட்டல. சமைக்கத் தெரிஞ்சாத்தான் சாம்பார்ல உப்பு இல்லைன்னு சொல்லணுமா? மரியாதையா அண்ணேன்னு கூப்பிட்டதுக்கு இதான் பதிலா? சரி டைசன் கதைக்கு வருவோம், அடுத்து யாராவது அதைத் தூக்கிட்டு வருவீங்கன்னு தெரியும். டைசனும் சப்பை ஆளுங்களைத்தான் அடிச்சார், 1985ல மட்டும் 15 ஃபைட்டு. ஆனா 1986ல டில்லிஸோட 10 ரவுண்டு, மிட்ச் கிரீனோட 10 ரவுண்டு முழுசா போனார். மூச்சு வாங்குனார், மாட்டிக்கிட்டார், தாண்டி வந்தார். அதுக்கப்புறம்தான் நவம்பர்ல பெர்பிக்கை அடிச்சு 20 வயசு 4 மாசத்துல சாம்பியன். 28வது ஃபைட்டு அது. இட்டௌமாவுக்கு 13. அந்த மிட்ச் கிரீன் எங்க இவனுக்கு? டில்லிஸ் எங்க? எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான், கபாயெல், பார்க்கர் மாதிரி முன்னணி ஆளுங்களை நாளைக்கே போடுன்னு நான் கேக்கல. 10 ரவுண்டு தாங்கற ஒரு ஆள், 30 வயசுக்குள்ள, பசியோட இருக்கற ஒரு ஆள். டுபுவாவையும் பாத்தோமே, 15-0ன்னு வந்து 2020ல ஜாய்ஸ்கிட்ட 10வது ரவுண்டுல கண்ணு வீங்கி முட்டி போட்டான். அதுவரைக்கும் அவனை யாரும் அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போகல.

சவுத்பா_சங்கர்:
அதே டுபுவா போன செப்டம்பர்ல ஜோஷுவாவை 5 ரவுண்டுல சுருட்டுனானே, அது எங்க போச்சு? அந்த ஃபைட்டுக்கு முன்னாடி "ஜோஷுவா ரெண்டு ரவுண்டுல முடிப்பார், டுபுவா பயந்தாங்கொள்ளி"ன்னு இங்க எழுதுனது யாரு? நீங்கதான். நான் மறக்கல. வைல்டர் 2015ல ஸ்டிவர்னை அடிக்கற வரைக்கும் 32 ஃபைட்டையும் "டம்மி பீஸ்"னு சொன்னதும் நீங்கதான். அன்னைக்கு 12 ரவுண்டும் போய் பாயிண்ட்ல ஜெயிச்சு பெல்ட்டு வாங்குனான்.

மூணாவது_ரவுண்டு:
வைல்டரோட 32ம் டம்மிதான், இன்னைக்கும் சொல்வேன். அதனாலதான் பின்வாங்கிச் சண்டை போடத் தெரியாம ஃப்யூரிகிட்ட 2020ல 7வது ரவுண்டு, 2021ல 11வது ரவுண்டுன்னு வாங்குனான். கத்துக்க வேண்டிய வயசுல கத்துக்கல.

பெல்_அடிச்சாச்சு:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. சப்பைன்னா என்ன?

கென்ட்_வாசி:
மூணாவது ரவுண்டு சார், முதல் பதிவுல "இதை வச்சுக்கிட்டு உசிக்காம்"னு பையனைக் கேவலப்படுத்திட்டு, இப்ப அவன் நல்லா இருக்கணும்னு கத்தறேன்னு சொல்றீங்க. எது உண்மை?

மூணாவது_ரவுண்டு:
ரெண்டும் உண்மை. திட்டுனது பையனை இல்ல, அவனுக்கு ஆள் பிடிக்கறவங்களையும் இங்க கை தட்டறவங்களையும். அந்த வலது கை எவ்ளோ வேகமா வந்துச்சுன்னு எனக்கும் தெரியும், பத்து தடவை ஓட்டிப் பாத்தேன். ஆனா எதுத்து நின்னவருக்கு 37.

சவுத்பா_சங்கர்:
38. உசிக்குக்கு 38.

ராயபுரம்_கார்னர்:
ஆர்ச்சி மூருக்கு 45தான். அதுல மாத்தம் கிடையாது.

மூணாவது_ரவுண்டு:
48.