எருமை வேட்டைக்கு எந்த ரைபிள்: .375ஆ, .416ஆ, .458ஆ?

உவர்மலையான்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருகோணமலை, வேலை கனடாவில். இப்போது லீவில் உவர்மலை வீட்டில் நிற்கிறேன். கனடாவில் முறைப்படி லைசென்ஸ் எடுத்து மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போய்வருகிறேன். கையில் இருப்பது ஒரு .30-06 மட்டும்தான். அடுத்த வருஷம் ஒரு நண்பருடன் ஜிம்பாப்வே போய், சம்பேசிப் பள்ளத்தாக்கில் கேப் எருமை (ஆப்பிரிக்கக் காட்டெருமை) வேட்டையாட முன்பணம் கட்டியாயிற்று. நண்பர் .458 வின்செஸ்டர் மேக்னம் எடு என்கிறார் (எண் தோட்டாவின் விட்டம், அங்குலத்தில்). கடைக்காரர் .416 ரிக்பி என்கிறார். .375 போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது நெருக்கடியில் கைவிடாத துவக்கு. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டலாமா, வாங்கிய பிறகு வேறு என்ன வேலை பார்க்க வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தம்பலகாமத்தான்:

தம்பி, உங்கள் ரைபிள் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. நான் வயல்காரன். யானை விரட்டும் வெடியோடு பரணில் இரவுக் காவல் இருக்கிறவன். எங்கள் பக்கம் கட்டுத்துவக்கில் (பொறியாகக் கட்டிவைக்கும் துவக்கு) அடிபட்டுக் காலில் சீழோடு திரியும் யானைகளைக் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட யானை ஆளைக் கண்டால் விலகிப் போகாது, நேரே வரும். காயப்படுத்தினவன் ஒருவன், அதன் முன்னால் அகப்படுகிறவன் விறகுக்குப் போன இன்னொருவன். அங்கேயும் எருமை திரியும் காட்டோரம் சனம் இருக்கும். எந்தத் துவக்கென்றாலும் சரி, காயத்தோடு ஓடவிடாத துவக்காகப் பார்த்து எடுங்கள்.

உப்புவெளி மெக்கானிக்:

தம்பலகாமத்து அண்ணன் சொன்னதுதான் முதல் விஷயம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஜாம்பியாவில், லுவாங்வா பள்ளத்தாக்கில் ஒரு வேட்டைக் கம்பனியின் வேர்க்‌ஷொப்பில் நெடுங்காலம் இருந்தவன் நான். லேண்ட் குரூசர் திருத்துவதுதான் வேலை. ஆனால் விருந்தாளிகள் கொண்டுவரும் ரைபிளில் ஸ்குரூ கழன்றாலும், ஸ்டொக் வெடித்தாலும் என் மேசைக்குத்தான் வரும். ரவை (உறை, மருந்து, தோட்டா எல்லாம் சேர்ந்தது) சிறிதாக இருந்ததால் வந்த வில்லங்கம் எனக்கு நினைவில்லை. திக்கிய மகசின், ஆடிய ஸ்கோப், உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுட்ட ஆள், இவைதான் திரும்பத் திரும்ப வந்தன.

அதனால் .375 ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் எடுங்கள். 1912இல் வந்த ரவை. 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) தோட்டாவை நொடிக்கு ஏறத்தாழ 2,500 அடி வேகத்தில் தள்ளும், சக்தி 5.7 கிலோஜூல் அளவில். ஜிம்பாப்வேயில் எருமைக்குக் கேட்பது 9.2 மில்லிமீட்டர் தோட்டாவும் 5.3 கிலோஜூலும். இரண்டையும் இது தாண்டுகிறது. .416 ரிக்பி 400 கிரெய்னை 2,400 அடியில் அனுப்பும். அருமையான ரவை, மறுக்கவில்லை. ஆனால் .30-06 பழகிய தோள் அதன் உதைக்குப் பழக நிறையச் சுட வேண்டும், உங்களிடம் இருப்பதோ ஒரு வருஷம். .458 அதைவிடவும் கஷ்டம்.

.375இன் உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீளமாக, வாய்ப்பக்கம் நன்றாகச் சரிந்து இருக்கும். அந்தக் காலத்துக் கோர்டைட் வெடிமருந்து வெயிலில் அழுத்தம் கூடும் சாமான். சுட்ட உறை ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வர அந்தச் சரிவு உதவியது. மருந்து மாறிவிட்டது, சரிவின் பயன் மாறவில்லை. வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

போல்ட் (ரவையை அறைக்குள் தள்ளி அடைக்கும் தண்டு) மவுசர் 98 வகையாக இருக்கட்டும். மகசினிலிருந்து ரவை எழும்பும்போதே பெரிய கொக்கி அதன் விளிம்பைப் பிடித்துவிடும். கொக்கி இல்லாத வகையில் ரவை சும்மா முன்னால் தள்ளப்படும். பதற்றத்தில் போல்டை முழுதாக அடைக்காமல் பின்னால் இழுத்தால் அந்த ரவை அறைக்குள்ளேயே நின்றுவிடும், அடுத்தது அதன் பின்னால் போய் முட்டும். வின்செஸ்டர் மொடல் 70இல் 1964இல் இந்தக் கொக்கியை எடுத்து, பல வருஷம் கழித்துத் திரும்பவும் போட்டார்கள். பழையது வாங்கினால் போல்டைக் கழற்றிப் பார்த்து வாங்குங்கள். கொக்கி உள்ள சி.இஸட் 550 ரைபிள் இப்போது செய்வதில்லை, ஆனால் நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கினதும் முதல் வேலை டம்மி (மருந்தில்லாத) ரவை போட்டு ஓட்டிப் பார்ப்பது. மெதுவாக, வேகமாக, துவக்கைச் சரித்து, குழலை மேலே தூக்கி, எல்லா விதமாகவும். கடைசி ரவையைக் கட்டாயம் கவனியுங்கள், ஸ்பிரிங் தளர்ந்து நிற்கும் நேரம் அது. எங்காவது திக்கினால் டம்மியின் நுனியை மார்க்கர் பேனையால் கறுப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள். மை அழிந்த இடம்தான் உரசுகிற இடம். அதைத் துவக்குத் திருத்துகிறவரிடம் காட்டினால் போதும், அவரே மெருகிட்டுத் தருவார். மகசினின் அடித்தகட்டுக் கொளுவியையும் பாருங்கள். சுட்ட உதையில் அது திறந்து, மிச்ச ரவையெல்லாம் புல்லுக்குள் கொட்டியதைக் கண்டிருக்கிறேன். அந்த ஆளின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஸ்கோப் 1-4 மடங்கு. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 9 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் புருவம் கிழியும். நெம்பைத் தூக்கினால் கழன்று வரும் மவுண்டாக (ஸ்கோப்பைத் தாங்கும் பிடி) போட்டு, கழற்றிப் பூட்டிய பிறகும் அதே இடத்தில் படுகிறதா என்று சுட்டுப் பாருங்கள். ஸ்கோப் உடைந்தால் இரும்புக் குறிதான் துணை. அகலமான V வெட்டு, பெரிய முன்மணி, 50 மீட்டரில் சரிபார்த்தது. மவுண்டின் அடி ஸ்குரூக்களுக்கு லொக்டைட் (கழலாமல் பிடிக்கும் பசை) தடவாமல் விமானம் ஏறாதீர்கள்.

நிலாவெளிக்காரன்:

ஐயா, நான் டார்வினில் இருக்கிறேன். இங்கே காட்டில் திரியும் நீரெருமைகளைக் கொக்கி இல்லாத ரைபிளால்தான் சுடுகிறோம். ஒரு நாளும் திக்கவில்லை. கையில் இருக்கும் ரைபிளோடு பழகுவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

உப்புவெளி மெக்கானிக்:

பழக்கம் முக்கியம், ஒத்துக்கொள்கிறேன் தம்பி. நீங்கள் போகும் இடம் வெட்டவெளி என்றால் தூரத்தில் நிற்கும், இரண்டாவது வெடிக்கு நேரம் கிடைக்கும். சம்பேசியில் புதர் அடர்த்தி. காயப்பட்ட எருமை பற்றைக்குள் போய் நின்றுவிட்டு, பத்துப் பதினைந்து கஜ தூரத்தில் வெளியே பாயும். அந்த நேரத்தில் கை ஒழுங்காகப் போல்டைத் தள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. தள்ளாவிட்டாலும் சமாளிக்கிற துவக்கு வேண்டும்.

உவர்மலையான்:

மிக்க நன்றி ஐயா, தம்பலகாமத்து அண்ணாவுக்கும் நன்றி. .375 என்று முடிவெடுத்துவிட்டேன். பட்டதும் விரியும் மென்முனைத் தோட்டாவா, விரியாத சொலிட்டா?

உப்புவெளி மெக்கானிக்:

முதல் வெடிக்கு நல்ல மென்முனை. சொலிட் ஊடுருவிப் போய்ப் பின்னால் நிற்கும் இன்னொரு எருமையில் படும், கூட்டத்தில் அதுதான் ஆபத்து. மகசினில் அடுத்தடுத்து இருப்பவை சொலிட்டாக இருக்கட்டும், ஓடும் எருமையின் பின்பக்கத்திலிருந்து நெஞ்சு வரை போக அதுதான் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் படுகிறதா என்று முன்பே சுட்டுப் பாருங்கள்.

பக்கவாட்டில் நின்றால் முன்காலோடு நேரே மேலே போய், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். எருமையின் இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வில் இருக்கிறது. விழுந்தாலும் கிட்டப் போகுமுன் இன்னொன்று சுடுங்கள். பயிற்சியை மேசையில் குந்தியிருந்து செய்யாமல், முக்காலித் தடியில் வைத்து நின்றபடி செய்யுங்கள். அங்கே அப்படித்தான் சுடுவீர்கள்.

டிக்கெட் போடும்போதே துவக்குக் கொண்டுபோவதை விமானக் கம்பனிக்குச் சொல்லிவிடுங்கள். ரவை பொதுவாக 5 கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள், தனிப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்.