வழிகாட்டிப் பயிற்சி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. இடப்பெயர்வில் எங்களோடு அலைந்த பொருட்களை அங்கே வைக்கப்போகிறோம்: தறப்பாள், குப்பி விளக்கு, தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பிய ஓர் அம்மாவின் தகரப் பெட்டி.

பேர்லினில் 2015 இறுதியில் தொடங்கிய 'முல்தக்கா' திட்டம்தான், இந்தப் பொருட்களின் கதையை எங்கள் ஊரவர்களே வழிகாட்டிகளாக நின்று சொல்லவேண்டும் என்ற ஆசையைக் கிளப்பியது. அரபியில் 'சந்திக்கும் இடம்' என்று பொருள். சிரியா, ஈராக்கிலிருந்து வந்த அகதிகளையே பயிற்றுவித்து, இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் உட்பட நான்கு அருங்காட்சியகங்களில் தாய்மொழியிலேயே விளக்கம் சொல்ல வைத்தார்கள். ஒக்ஸ்போர்டிலும் இதே பெயரில் ஒரு திட்டம் உண்டு. அகதிகளாக வந்தவர்களுக்குச் சுற்றிக்காட்டாமல், விளக்கம் சொல்லும் பொறுப்பையே அவர்களிடம் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

புலம்பெயர் நாடுகளில் இருப்பவர்கள் யாராவது இவற்றில் பங்கெடுத்தீர்களா? பயிற்சி எத்தனை நாள்? கொடுப்பனவு உண்டா? முக்கியமாக, சொல்பவர் இடையில் உடைந்துவிட்டால் என்ன செய்கிறார்கள்? போன மாத ஒத்திகையில் குப்பி விளக்கைத் தொட்டதுமே பெரியம்மா ஒருவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் தேநீர் போடப் போய்விட்டோம், வெட்கம்தான். இங்கே எழுதத் தயங்கினால் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.