ஒரே தட்டில் இருவர்: பார்பிக்யூ விழாவில் நாங்கள் சுவைத்தவை

பார்பிக்யூ விழாவுக்குத் தம்பதியாகச் செல்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஆளுக்கொரு தட்டு வாங்க வேண்டாம் என்பதைத்தான். புகையில் வெந்த இறைச்சி கொழுப்பு மிகுந்தது. ஒரு கடையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டால் அடுத்த கடையின் ருசி நாக்குக்கு எட்டுவதில்லை. நானும் என் கணவரும் ஒவ்வொரு கடையிலும் ஒரே ஒரு சிறிய தட்டை வாங்கிப் பகிர்ந்துகொண்டதால், அமெரிக்காவின் வெவ்வேறு வட்டாரங்களின் பக்குவங்களை ஒரே நாளில் அடுத்தடுத்துச் சுவைத்து ஒப்பிட முடிந்தது.

கடைகள் திறந்ததுமே பிரிஸ்கெட் வாங்கச் சென்றோம். மாட்டின் நெஞ்சுப் பகுதியான அது, தீர்ந்துவிட்டால் அன்றைக்குத் திரும்பச் செய்ய முடியாத பண்டம். டெக்சஸ் முறையில் சமைத்த அந்தக் கடைக்காரர் உப்பையும் மிளகையும் மட்டுமே தடவி, ஓக் விறகின் புகையில், ஏறத்தாழ 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரவு முழுவதும் அதை வேகவைத்திருந்தார். இவ்வளவு நேரம் எதற்கு என்று கணவர் கேட்டபோது, அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இறைச்சியின் உள்வெப்பம் 65 டிகிரியைத் தாண்டியதும் மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடுமாம். வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதுபோல, மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம் இறைச்சியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதுதான் அதற்குக் காரணம். பொறுமையிழந்து அந்த நிலையிலேயே எடுத்துவிட்டால் இறைச்சி நார்நாராக, மெல்ல முடியாததாக இருக்கும். தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்ற கடினமான புரதம் மெல்ல மெல்ல மிருதுவான ஜெலட்டினாக மாறி, உள்வெப்பம் 95 டிகிரியை நெருங்கும்போதுதான் அது குழைகிறது. இதைக் கேட்ட பின் உண்ட அந்தத் துண்டின் சுவை எனக்கு இன்னும் கூடுதலாகவே தெரிந்தது.

துண்டின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் இருந்ததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி அது வேகவில்லையோ என்று தயங்கினார். விறகு எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்துடன் சேர்வதால் தோன்றும் நிறம் அது. பச்சை இறைச்சியின் நிறம் அன்று. முதன்முறையாகச் செல்பவர்கள் இதற்காகத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

விலா எலும்புக் கறியில்தான் எங்கள் இருவரின் ரசனையும் பிரிந்தது. தொட்டவுடன் எலும்பிலிருந்து கழன்று விழும் கறி கணவருக்குப் பிடித்தது. கடித்த இடம் மட்டும் சுத்தமாக வந்து, மீதி எலும்பிலேயே நிற்கும் பக்குவம் எனக்குப் பிடித்தது. அமெரிக்கப் பார்பிக்யூ போட்டிகளில் நடுவர்கள் பொதுவாக இரண்டாவது வகையையே நல்ல பக்குவம் என்றும், கழன்று விழுவதை அளவுக்கு மீறி வெந்தது என்றும் கருதுகிறார்கள். அதைச் சொன்னபோது, போட்டியின் அளவுகோல் வேறு, தம் வாயின் அளவுகோல் வேறு என்று அவர் உறுதியாக மறுத்தார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே தட்டிலிருந்து இருவரும் உண்டதால்தான் இந்த வேறுபாட்டையே நாங்கள் கவனித்தோம்.

சாஸைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், முதல் வாயை அது இல்லாமல் உண்ணுங்கள். கான்சாஸ் சிட்டி சாஸ் தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்து, கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் தக்காளியே சேர்க்காமல் வினிகரையும் மிளகாயையும் மட்டும் நம்புகிறார்கள். தென் கரோலினாவில் கடுகுச் சாஸ் புகழ்பெற்றது. அலபாமாவின் வடபகுதியில் கோழிக்கு மயோனைஸ் கலந்த வெள்ளைச் சாஸை ஊற்றுகிறார்கள். உதிர்த்த பன்றி இறைச்சிக்கு வினிகர்ச் சாஸுக்கு நிகரானது இல்லை என்பது என் முடிவு, ஏனெனில் அதன் புளிப்பு கொழுப்பின் திகட்டலை உடனே அறுத்துவிடுகிறது. இனிப்புச் சாஸை முதலிலேயே சுவைத்துவிட்டால் அதன் பின் வருபவை எல்லாம் மந்தமாகத் தெரியும் என்பதால், அதை நாங்கள் கடைசிக்கு ஒதுக்கிவைத்தோம்.

அந்தக் கடைசித் தட்டில் வாங்கியது பர்ன்ட் எண்ட்ஸ். பிரிஸ்கெட்டின் கொழுப்பு மிகுந்த முனையைச் சதுரத் துண்டுகளாக வெட்டி, மீண்டும் புகையில் இட்டு, சாஸ் பூசி எடுக்கும் கான்சாஸ் சிட்டிப் பண்டம் அது. மேலே கருகலின் மெல்லிய கசப்பும், உள்ளே உருகிய கொழுப்பும், இடையே இனிப்புமாக இருந்த அதை, அன்று உண்ட எல்லாவற்றிலும் சிறந்தது என்று நாங்கள் இருவரும் ஒருசேர ஒப்புக்கொண்டோம். இருவருக்கு ஒரு சிறிய தட்டே போதும். அதற்கு மேல் எவராலும் உண்ண முடியாது.