ஆடிட்டர் பெயரில் வரும் மெயில்: பார்த்தது, பிடிபட்டது

அம்பத்தூர், கணக்குப் பிரிவு
மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யின் கெடு 20-ஆம் தேதி. அது நெருங்கினால் ஆடிட்டர் பெயரில் போலி மெயில்களும் வரத் தொடங்கும். பட்டறைக்காரர் பதற்றத்தில் இருப்பார் என்பது அனுப்புகிறவனுக்குத் தெரியும். "நோட்டீஸ் இணைத்துள்ளோம்" என்று ஒரு ஜிப் கோப்பு, அதன் கடவுச்சொல்லும் மெயிலிலேயே. பூட்டிய கோப்புக்குள் வைரஸ் ஸ்கேனர் எட்டிப் பார்க்க முடியாது, பூட்டுவதே அதற்குத்தான். திறக்கவே வேண்டாம். ஜிஎஸ்டி நோட்டீஸ் உண்மையென்றால் போர்ட்டலில் உங்கள் லாகினிலேயே தெரியும். வருமான வரிக் கடிதத்துக்கு 2019 அக்டோபர் 1 முதல் டின் (DIN) என்ற ஆவண அடையாள எண் உண்டு. இ-ஃபைலிங் தளத்தில் லாகின் இல்லாமலே சரிபார்க்கலாம். தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், மெயிலில் உள்ள லிங்க் வழியாகப் போகாதீர்கள்.

தி.நகர், சிஸ்டம் சப்போர்ட்
ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளியில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று, மெயில் அந்த முகவரியின் டொமைனிலிருந்துதான் (@-க்குப் பின் வரும் பெயர்) வந்ததா எனப் பார்க்கும் மூன்று சோதனைகளின் முடிவும் தெரியும். 'ஃபெயில்' என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் 'பாஸ்' என்பது நற்சான்றிதழ் இல்லை சார். ஆடிட்டர் டொமைனில் 'எம்' (m) இருக்கும் இடத்தில் அதைப் போலவே தெரியும்படி 'ஆர்', 'என்' (rn) இரண்டையும் ஒட்டிவைத்துப் புது டொமைன் வாங்கினாலும் மூன்றும் பாஸ்தான். ஆடிட்டரின் மெயில்பெட்டியே களவு போயிருந்தாலும் அப்படித்தான். நம்மூர்ச் சின்ன ஆடிட்டர் ஆபீஸ்களில் பலவும் இலவச ஜிமெயில் முகவரிதான் வைத்திருக்கின்றன, அங்கே டொமைனை உற்றுப் பார்த்தும் பயனில்லை. பதில் போய்ச் சேரும் 'ரிப்ளை-டு' முகவரி, அனுப்பியவர் முகவரியிலிருந்து வேறாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாரிமுனை, வக்கீல் ஆபீஸ்
கோர்ட்டில் வழக்கு இருப்பதாக மிரட்டினால் வழக்கின் அடையாளமான, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கேளுங்கள், இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் தெரிந்துவிடும். வழக்குக்கு முந்தைய வக்கீல் நோட்டீஸுக்கு அந்த எண் இருக்காது. அதற்காகவே போலி என்று தூக்கிப் போடாதீர்கள்.

கிண்டி, பேமென்ட் பார்ப்பவர்
பெரிய அடி விழுவது இங்கேதான்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, ஃபீஸைப் புதியதில் போடுங்கள்." பழைய பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள், மெயிலின் அடியில் உள்ள எண்ணுக்குப் போட்டால் எடுப்பது அந்த மோசடிக்காரன்தான். நெஃப்ட் கணக்கு எண்ணை வைத்தே வரவு வைக்கும், பெயர் பொருந்துகிறதா என்று பார்க்காது. அனுப்புமுன் பெயர் காட்டும் வசதி 2025 ஏப்ரலில் வந்திருக்கிறது, அதைத் தவிர்க்காதீர்கள்.

பணம் போய்விட்டால் யுடிஆர் எண்ணோடு (வங்கி தரும் பரிமாற்ற எண்) உடனே 1930 சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன், கையோடு வங்கிக்கும் ஒரு புகார். மெயிலை அழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி.

தி.நகர், சிஸ்டம் சப்போர்ட்
ஒன்று விட்டுப்போச்சு. போலிப் பக்கத்தில் கடவுச்சொல் கொடுத்துவிட்டால், அதை மாற்றினால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் 'ஃபில்டர்', 'ஃபார்வர்டிங்' இரண்டையும் பாருங்கள். 'இன்வாய்ஸ்' என்று வரும் மெயிலெல்லாம் தனக்கு நகல் வரும்படி அவன் விதி போட்டிருப்பான், கடவுச்சொல் மாறினாலும் அது அங்கேயே கிடக்கும்.