அறிவு மூலதனத்தை அளந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் நிறுவனத்தின் அறிவு மூலதனத்தை, அதாவது ஊழியர்களின் திறனும் நிறுவனத்தில் சேர்ந்திருக்கும் அறிவும் தரும் மதிப்பை, அளந்து நிர்வாகத்துக்கு அறிக்கை தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இதைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

நிறுவனத்தின் பங்குச் சந்தை மதிப்பிலிருந்து ஏட்டு மதிப்பை (கணக்கேட்டில் உள்ள நிகரச் சொத்து மதிப்பை) கழித்து, மீதியை அறிவு மூலதனம் என்று கொள்ளும் முறை எங்களுக்கு ஒத்துவராது. நாங்கள் பங்குச் சந்தையில் இல்லை. அப்படியே இருந்தாலும், பங்கு விலை சரிந்த அன்று ஊழியர்களின் அறிவும் குறைந்துவிட்டது என்றா எழுதுவது? கணக்கேடும் கைகொடுக்காது. தொட்டறிய முடியாத சொத்துகளுக்கான சர்வதேசக் கணக்கியல் விதியான ஐஏஎஸ் 38-இன்படி பயிற்சிக்குச் செய்வதெல்லாம் செலவுதான், சொத்து ஆகாது.

ஸ்வீடனின் ஸ்காண்டியா நிறுவனம் 1994-ஆம் ஆண்டுக்கான ஆண்டறிக்கையோடு இதற்கென்றே தனி இணைப்பு வெளியிட்டது. மனித மூலதனம் (ஊழியர்களிடம் இருக்கும் அறிவு), கட்டமைப்பு மூலதனம் (அவர்கள் வீட்டுக்குப் போன பின்னும் நிறுவனத்தில் மிஞ்சுவது) என்ற அதன் பகுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எதை எண்ணுவது என்பதில்தான் சிக்கல். பராமரிப்புப் பிரிவில் மூத்தவர் ஒருவர், இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய குறிப்பேட்டில் இருப்பதோ 'சத்தம் மாறினால் பார்க்கவும்' என்ற ஒரு வரி. சீக்கிரமே ஓய்வு பெறப்போகிறார். பயிற்சி மணிநேரம், ஆவணங்களின் எண்ணிக்கை என்று அட்டவணை போட்டால் இவர் அதில் எங்குமே வரமாட்டார். அதுதான் எனக்குக் கவலை.

ஒரே ஆளிடம் மட்டும் இருக்கும் திறன்கள் எத்தனை, அவரில்லாமல் ஒரு பழுதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகிறது, இப்படி அளக்கலாமா? அப்புறம், 'நம்மை எடைபோடுகிறார்கள்' என்று ஊழியர்கள் நினைக்காதபடி இதை எப்படித் தொடங்கினீர்கள்? நீங்கள் பயன்படுத்திய கேள்விப்பட்டியல் இருந்தால் பகிருங்கள்.