25 ஏக்கர் இருந்தால் பல்கலைக்கழகமா?

வேளிமலை:
நேற்று கோட்டாறு நண்பர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "கல்லூரி தனியார் பல்கலைக்கழகம் ஆக 25 ஏக்கர் நிலம் போதும் என்று சட்டம் வந்தது. நம்ம குமரி மாவட்டத்து எய்டட் (அரசு உதவி பெறும்) கல்லூரிகள் எல்லாம் பல்கலைக்கழகம் ஆகியிருக்கும். வயிற்றெரிச்சல்காரர்கள் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார். 2025 அக்டோபரில் பேரவையில் நிறைவேறிய தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதாவைச் சொல்கிறார். எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆய்வு செய்கிறோம் என்று அரசே பின்வாங்கியது.

சரி, அந்த 25 ஏக்கர் யாருக்கு? மாநகராட்சி எல்லைக்குள் மட்டும். நகராட்சி, பேரூராட்சி என்றால் 35. மற்ற இடங்களில் 50. நம்ம மாவட்டத்தில் மாநகராட்சி நாகர்கோவில் ஒன்றுதான், அதுவும் 2019-லிருந்து. மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சியில் வருகிறது, அங்கே 35. தூத்தூர் ஊராட்சி, அங்கே 50. "எல்லாம்" எங்கிருந்து வந்தது?

கோட்டாறு:
ஏக்கர் கணக்கு பார்க்க நீங்கள் என்ன சர்வேயரா? பழைய சட்டம் ஒரே இடத்தில் 100 ஏக்கர் கேட்டது. சென்ட் கணக்கில் நிலம் விற்கிற மாவட்டம் இது. இங்கே யாரிடம் ஒரே வளைப்பில் 100 ஏக்கர் இருக்கிறது? 25 என்பது நமக்காகவே வந்த மாதிரி. ஒரு சர்டிபிகேட் வாங்க வடசேரியில் பஸ் ஏறி, திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிற அபிஷேகப்பட்டிக்கு இன்னொரு பஸ் பிடித்து, "நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பியவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

வேளிமலை:
நானும் அந்த பஸ்ஸில் போனவன்தான். 25 மாநகராட்சிக்கு மட்டும். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் தேன்:
கோட்டாறு அண்ணனுக்கு நாகர்கோவில்தான் மாவட்டம். மேற்கே கல்குளம் தாலுகாவும் விளவங்கோடு தாலுகாவும் எந்த மாவட்டத்தில் இருக்கிறது அண்ணே? மெடிக்கல் காலேஜ் ஆசாரிப்பள்ளத்தில், கலெக்டர் ஆபீஸ் நாகர்கோவிலில். பல்கலைக்கழகமும் அங்கேயே வரட்டும், நாங்கள் ரப்பர் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

கோட்டாறு:
தம்பி, இதில் கிழக்கு மேற்கு பேசாதே. 1893-லேயே கல்லூரி கண்ட ஊர் நாகர்கோவில். இங்கே படித்துப் போனவர்கள்தான் உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார்.

மார்த்தாண்டம் தேன்:
ஆமாம், எங்களுக்கு எழுத்தறிவித்ததே நீங்கள்தான்.

வேளிமலை:
இரண்டு பேரும் விஷயத்துக்கு வாருங்கள். எய்டட் என்றால் என்ன? ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, அதனால்தான் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. என் இரண்டு மகள்களும் ஒரே கல்லூரி. மூத்தவள் எய்டட் பிரிவு, இளையவள் சுயநிதிப் பிரிவு. இருவரின் ரசீதும் வீட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தது. அதே கட்டிடம், அதே பெஞ்சு, அதே பாடம். மூத்தவளுக்குக் கட்டியதைப் போல இருபது மடங்கு இளையவளுக்கு. அவள் அந்த ரசீதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்துப் பைக்குள் வைத்தாள். கல்லூரி முழுவதும் தனியார் பல்கலைக்கழகம் ஆகிவிட்டால் இனி வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த இரண்டாவது ரசீதுதான் என்பது என் பயம்.

கோட்டாறு:
பயத்தை வைத்துச் சட்டம் போட முடியாது. அரசிடம் பணம் இல்லை. 2024-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமானவரித் துறை முடக்கியது. மதுரை காமராசரில் சம்பளத்துக்காகப் போராட்டம் நடந்தது. இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தைக் கட்டிக்கொண்டு அழச் சொல்கிறீர்களா? 25 ஏக்கர் வைத்திருப்பவன் சொந்தக் காசில் நடத்துகிறேன் என்றால் விடுங்களேன்.

வேளிமலை:
மறுபடியும் 25! அரசுப் பல்கலைக்கழகம் ஏன் தள்ளாடுகிறது? அரசு நிதி போதவில்லை. மிச்சத்தைக் கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும்தான் தாங்குகிறது. பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போனால் அந்த வருமானமும் போச்சு. மிஞ்சுவது சின்னக் கல்லூரிகளும் ஓய்வூதிய பாக்கியும். பணம் இல்லையென்றால் பணம் கொடு என்று அரசைக் கேட்க வேண்டும், கல்லூரியைத் தூக்கிக் கொடு என்று அல்ல.

தேங்காப்பட்டணம்:
கடற்கரையில் முதல் தலைமுறையாகப் படித்தவள் நான். பக்கத்தில் எய்டட் கல்லூரி இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்திருக்கும். அப்பா வள்ளத்தில் போய்க் கொண்டுவந்த காசில் ஒரு வருடம் கூடத் தனியார் கட்டணம் கட்டியிருக்க முடியாது. நீங்கள் 25, 35 என்று சண்டை போடுங்கள்.

கோட்டாறு:
தங்கச்சி, உங்களுக்கு ஸ்காலர்ஷிப் தருவார்கள். எய்டட், எய்டட் என்கிறீர்களே, எய்டட் வேலைக்கு எத்தனை லட்சம் என்று யாராவது பேசுகிறீர்களா? கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் தேறிய என் மச்சானிடம் ஒரு நிர்வாகம் நேராகவே தொகையைச் சொன்னது. சம்பளம் அரசுப் பணம், விலை நிர்வாகத்துக்கு!

மார்த்தாண்டம் தேன்:
இதைத்தான் சொல்ல வந்தேன். அந்த நிர்வாகத்திடமே பல்கலைக்கழகத்தையும் கொடுக்கச் சொல்கிறீர்களே அண்ணே!

கோட்டாறு:
நீ என் மச்சானைப் பற்றிப் பேசாதே.

மார்த்தாண்டம் தேன்:
மச்சானைப் பற்றி நான் எங்கே பேசினேன்? நீங்கள்தான் இழுத்தீர்கள்.

பழையாறு:
ஒரு சந்தேகம். 25 ஏக்கர் மேட்டு நிலமாகக் கிடக்காது, வயலைத்தான் நிரப்புவார்கள். நான்குவழிச் சாலைக்குக் குளங்களை நிரப்பியது போதாதா? நாஞ்சில் நாட்டில் இனி எங்கே கதிர் அறுப்பது?

கோட்டாறு:
வந்துவிட்டார் விவசாயி. உங்கள் வீடு நிற்பதும் பழைய வயலில்தான்.

பழையாறு:
என் அப்பா கட்டிய வீடு அது. உம்மிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேளிமலை:
வீட்டையும் மச்சானையும் விடுங்கள். மாவட்டத்தில் பல்கலைக்கழகமே இல்லாத மாதிரி வேறு பேசுகிறார். குமாரகோவிலில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கே கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வரட்டும். கோட்டாறு நண்பரே, நேற்று எழுதியது "மாவட்டத்துக் கல்லூரிகள் எல்லாம்". 25 மாநகராட்சிக்கு மட்டும். தவறு என்று ஒரு வரி எழுதுங்கள்.

கோட்டாறு:
எழுத மாட்டேன். நாகர்கோவில் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

வேளிமலை:
மாவட்டம் நாகர்கோவிலில் இல்லை.

மார்த்தாண்டம் தேன்:
இதை நான் காலையிலேயே சொன்னேன்.