மாயாவியை வரைவது எப்படி: பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைச் சித்திரங்களின் மறுவாசிப்பு

பழைய காமிக்ஸை மறுபடி படித்த அனுபவத்தை எழுதும் நண்பர்கள் பெரும்பாலும் கதையையும் சிறுவயது நினைவுகளையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இந்த மறுவாசிப்பில் கதை சற்றுத் தேய்ந்துபோய்த்தான் தெரிந்தது. ஓவியமோ முன்பு கண்ணில் படாத அளவுக்கு மேலெழுந்து நின்றது. ஆகவே, ஓவியத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொடங்க வேண்டிய இடம் நம்மில் பலருக்கும் ஒன்றுதான். 1972-இல் தமிழில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’, அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1962 அக்டோபரில், லண்டனில் வெளிவந்த ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர். கதையை முதலில் எழுதியவர் கென் புல்மர். பின்னர் நெடுங்காலம் எழுதியவர் டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. ‘வேலியன்ட்’டை வெளியிட்ட ஃபிளீட்வே பதிப்பகத்தின் அந்தக் காலத்து வார இதழ்கள் ஓவியரின் பெயரை அச்சிடுவதில்லை என்பதால், பிரிட்டனில் அதைப் படித்து வளர்ந்த சிறுவர்களுக்கே தங்கள் நாயகனை வரைந்தவர் ஒரு ஸ்பானியர் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நாம் தெரிந்துகொள்ளாமல் இருந்ததில் வியப்பென்ன!

கையடக்கப் பிரதிகளில் மட்டுமே பார்த்துப் பழகியிருந்த அந்தச் சித்திரங்களை, ரெபெல்லியன் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட பெரிய அளவிலான மறுபதிப்பில் பார்த்தபோதுதான் பிளாஸ்கோவின் முன்னால் இருந்த சிக்கல் எத்தகையது என்பது புரிந்தது. மின்சாரம் பாய்ந்தால் நாயகன் லூயிஸ் கிராண்டெலின் உடல் மறைந்துவிடும், வலக்கையின் இடத்தில் இருக்கும் இரும்புக்கை மட்டுமே தெரியும் என்பது கதை. எழுத்தாளருக்கு அது ஒரு வரி. ஓவியருக்கோ, கட்டத்துக்குக் கட்டம் நாயகனே இல்லாத காட்சியில் நாயகன் இருப்பதாக வாசகனை நம்ப வைக்க வேண்டிய பாடு. பிளாஸ்கோ இதைக் கையின் உயரத்தாலும் சாய்வாலும் சாதிக்கிறார். அந்தக் கை ஒருபோதும் வெறுமனே மிதப்பதில்லை. ஓடும் மனிதனின் கை எந்த உயரத்தில் வீசுமோ அந்த உயரத்தில் இருக்கிறது, ஒரு பொருளைப் பிடிக்கும்போது மணிக்கட்டு திரும்பியிருக்கும் விதத்திலிருந்து தோள் எங்கே இருக்க வேண்டும் என்று கண் தானாகவே கணக்கிட்டுக்கொள்கிறது. சுற்றி நிற்பவர்களின் பார்வையும் பெரும்பாலும் கையை நோக்கியே போகிறது. முகம் இருக்க வேண்டிய வெற்றிடத்தை நிரப்பும் வேலை நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.

இரும்பை இரும்பாகக் காட்டியிருக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும். விரல் மூட்டுகளின் இணைப்புகளைத் தூரிகையால் அடர்ந்த கறுப்பில் இழுத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே ஒரு மெல்லிய பட்டையைக் காகிதத்தின் வெண்மையாக அப்படியே விட்டுவிடுகிறார். இடைப்பட்ட சாம்பல் நிறம் அங்கே கிடையாது. தோலும் துணியும் வரும் இடங்களில் மட்டும் கோடுகள் இழையிழையாகப் பிரிந்து, பாதி உலர்ந்த தூரிகையின் சொரசொரப்போடு நிழலுக்குள் கரைகின்றன. ஒரே கட்டத்துக்குள் இரண்டு விதமான கோடுகள். உலோகம் எது, உடல் எது என்று எந்த விளக்கமும் இல்லாமலே தெரிந்துவிடுகிறது.

அச்சுத் தொழிலில் பல ஆண்டுகள் பிளாக், அதாவது படங்களை அச்சிடுவதற்கான உலோகத் தகடு, செய்யும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் அந்த நூலையும், பழைய புத்தகக் கடையில் வாங்கி வைத்திருந்த அறுபதுகளின் வார இதழ் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். சிவகாசிப் பக்கத்துக்காரர். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது லைன் பிளாக்குக்குன்னே வரைஞ்ச படம். சாம்பல் பூசியிருந்தா இந்தத் தாள்ல சேறாப் போயிருக்கும். ஓவியருக்கு அது தெரிஞ்சிருக்கு” என்றார். மலிவான செய்தித்தாள் காகிதத்தில், எழுத்தச்சு முறையில், மை ஒன்று அழுத்தமாக விழும் அல்லது விழவே விழாது. அந்த இரண்டு நிலைகளுக்குள்ளேயே ஒளியையும் நிழலையும் காட்ட வேண்டியிருந்த காரணத்தால்தான் பிளாஸ்கோவின் கறுப்பு அத்தனை துணிச்சலாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு, மற்ற தொடர்களையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

1950 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட ‘ஈகிள்’ இதற்கு நேர் எதிர். பாதிரியார் மார்கஸ் மோரிஸ் ஆசிரியராக இருந்த அந்த வார இதழின் வண்ணப் பக்கங்கள் ஃபோட்டோகிராவூர் முறையில் அச்சானவை. உருளையில் செதுக்கப்பட்ட நுண்ணிய குழிகளில் மை நிற்கும். குழியின் ஆழம் கூடினால் நிறம் கூடும். எனவே, வானத்தின் நீலம் படிப்படியாக வெளுத்துக்கொண்டே போவதை அச்சில் கொண்டுவர முடிந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்துகளின் ஓரம்கூட அந்தக் குழிகளால் ரம்பப் பல் போலத் தெரியும். ஓவியர் ஃபிராங்க் ஹாம்ப்சன், ‘ஈகிள்’ இதழில் வந்த ‘டான் டேர்’ என்ற விண்வெளி சாகசத் தொடரில் பயன்படுத்திக்கொண்டது இந்த வசதியைத்தான். சவுத்போர்ட்டில் பழைய அடுமனைக் கட்டடம் ஒன்றில் இயங்கிய அவரது ஓவியக்கூடத்தில் விண்கலங்களுக்கு மாதிரிகள் செய்தார்கள். உதவியாளர்களே பாத்திரங்களைப் போல நின்று புகைப்படத்துக்குக் காட்சி கொடுத்தார்கள். பேராசிரியை பீபாடியின் முகத்துக்கு உதவி ஓவியர் கிரெட்டா டாம்லின்சன் முன்மாதிரி, சர் ஹியூபர்ட்டுக்கு ஹாம்ப்சனின் சொந்தத் தந்தை. ஹாம்ப்சன் தீட்டும் முதல் வண்ண முன்வரைவே அச்சுக்கு அனுப்பும் தரத்தில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கூடமே மறுபடி உட்கார்ந்து முழு ஓவியத்தையும் வரையும்.

வாரத்துக்கு இரண்டு பக்கத்துக்காக இத்தனை உழைப்பு. வெள்ளிக் கோளின் நிலப்பரப்புகளைப் பார்க்கும்போது அந்த உழைப்புக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது. ஆனாலும், சண்டைக் காட்சிகளில் ஆட்கள் புகைப்படத்துக்கு நிற்பவர்களைப் போலவே உறைந்து நிற்பது என் கண்ணை உறுத்துகிறது. பிளாஸ்கோவிடம் இந்தக் குறை இல்லை. ஹாம்ப்சனின் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம்!

அந்த உறைவை உடைத்தவர் ஃபிராங்க் பெல்லமி. 1959-இல் ‘டான் டேர்’ அவர் கைக்கு வந்து ஓராண்டு இருந்தது. சதுரக் கட்டங்களை வளைத்தும் வெட்டியும் பக்கத்தையே ஒரே வீச்சாக ஆக்கும் அவரது முறை, 1966 முதல் ‘டிவி செஞ்சுரி 21’ இதழின் ‘தண்டர்பேர்ட்ஸ்’ இரட்டைப் பக்கங்களில்தான் முழு உருவம் பெற்றது. வெடிப்பின் விளிம்பே கட்டத்தின் விளிம்பாகிவிடும்போது எல்லைக்கோடு தேவையற்றதாகிவிடுகிறது.

டான் லாரன்ஸின் ‘டிரிகன் எம்பயர்’ 1965-இல் தொடங்கி, மறு ஆண்டு ‘லுக் அண்ட் லேர்ன்’ இதழுக்கு மாறியது. ரோமானியத் தூண்களுக்கு மேலே விண்கலங்கள் பறக்கும் அந்த உலகத்தில், தசையும் கல்லும் உலோகமும் ஒவ்வொன்றும் வெவ்வேறு பளபளப்போடு தீட்டப்பட்டிருக்கின்றன. கதை மைக் பட்டர்வொர்த்துடையது. அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தம் ஓவியங்கள் பல நாடுகளில் மறுபதிப்பாகியும் தமக்குப் பங்கு எதுவும் வருவதில்லை என்று தெரிந்த பின் 1976-இல் லாரன்ஸ் விலகி, டச்சு மொழி வாசகர்களுக்காக ‘ஸ்டார்ம்’ வரையப் போய்விட்டார்.

மறுபதிப்பு வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேறொரு தொடரின் தொகுப்பு ஒன்றை வாங்கியபோது, அதில் பழைய இதழ்களிலிருந்து ஸ்கேன் செய்த பக்கங்களில் கறுப்பு-வெள்ளை வேறுபாட்டை (contrast) அளவுக்கு மீறிக் கூட்டியிருந்தார்கள். நுண்கோடுகள் பாதி காணாமல் போய், மீதி ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டுகளாகிவிட்டன. வாங்குமுன் மாதிரிப் பக்கங்களில் தலைமுடியும் துணி மடிப்பும் வரும் இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே கோடு கோடாகப் பிரிந்து தெரிந்தால் நம்பி வாங்கலாம்.

இதே காரணத்துக்காகத்தான் தமிழ் லயன் காமிக்ஸ் நமக்கு அறிமுகப்படுத்திய பிரிட்டிஷ் நாயகன் ஸ்பைடரைப் (அமெரிக்க ஸ்பைடர்மேன் அல்ல) பற்றி இன்னும் எதுவும் எழுதத் துணியவில்லை. அதை வரைந்த ரெக் பன்னின் ஓவியமே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நுண்கோடுகளால் ஆனது. அச்சு சற்றுப் பிசகினாலும் முகமே மாறிவிடும். அறுபதுகளின் பிரிட்டிஷ் ‘லயன்’ வார இதழ்ப் பக்கத்தையும் பிற்காலப் பதிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால், ஸ்பைடரின் கன்னத்து நிழல் எதில் எப்படி விழுந்திருக்கிறது என்று எழுதுங்கள்.